வாக்குவம் கிளீனர் ஊளையிடுகிறது, ஆனால் இழுக்கவில்லை: மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு வாசகி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

பழைய காலத்து வீடு. மரப்பலகைத் தளம், கம்பளங்கள், கூடத்தில் விறகு எரிக்கும் கணப்பு. இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறார். இருபது மாதங்களுக்கு முன்னால் கோயம்புத்தூரில் 1,400 வாட் வாக்குவம் கிளீனர் ஒன்றை வாங்கினார். சக்கரம் வைத்தது, உள்ளே துணிப்பை, பின்பக்கம் காற்று ஊதும் ப்ளோயர் வசதி. வாரண்டி இரண்டு வருஷம். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் முடிந்ததிலிருந்து இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. பையில் சாம்பல் அப்பியிருக்கிறதே என்று சோப்புப் போட்டுத் துவைத்து, வெளியே மூடுபனியாக இருந்ததால் கணப்புப் பக்கத்தில் இரண்டு நாள் தொங்கவிட்டு மறுபடி மாட்டினார். அதற்கு அடுத்த வாரம், கம்பளம் கூட்டிக்கொண்டிருந்தபோதே இழுவை திடீரென்று முழுவதும் நின்றுவிட்டது.

இப்போது ஸ்விட்சைப் போட்டால் முன்பு கேட்காத கீச்சென்ற ஊளை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக அணைகிறது. ஒரு மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் பை பாதிகூட நிறையவில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர் போனிலேயே சத்தத்தைக் கேட்டு, "மோட்டார் திணறுதுங்க, மாத்தணும், நாலாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டாராம். பெங்களூரில் இருக்கும் மகன், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வயர் இல்லாத புது மாடல் வாங்கச் சொல்கிறார். வாசகியின் கோபமோ வீட்டு வேலைக்கு வரும் பெண்மேல். கணப்புச் சாம்பலை அவர் இந்த மெஷினால் எடுத்ததால்தான் மோட்டார் போனது என்று முடிவு செய்து, சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் பிடித்துவிட்டார். மீதியையும் பிடிக்கலாமா, மலை உயரம் காரணமாக இருக்குமா, வாரண்டியில் கேட்க முடியுமா, நானே கழற்றினால் வாரண்டி போய்விடுமா என்று கேட்கிறார்.

வணக்கம் அம்மா.

மெஷினைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் உங்கள் மோட்டார் நன்றாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். சத்தம் ஏறியது, அணைந்து ஆறியபின் ஓடுவது, பை நிறையாமலே சிவப்பு விளக்கு எரிவது எல்லாமே காற்றுப் பாதையில் அடைப்பு என்றுதான் சொல்கின்றன. அதுவும் ஒன்றல்ல, இரண்டு அடைப்பு இருக்கலாம் என்பது என் சந்தேகம். இழுவை வாரக்கணக்கில் மெதுவாகக் குறைந்தது ஒரு கதை. ஒரே நொடியில் நின்றது வேறு கதை. மெதுவாகக் குறைவது பையிலோ ஃபில்டரிலோ நுண்தூள் ஏறுவதால். திடீரென்று நிற்பது ஏதாவது ஒரு பொருள் குழாயில் குறுக்கே மாட்டுவதால். ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு "அப்படியும் சரியாகவில்லையே" என்று மோட்டாரைச் சந்தேகப்படுபவர்கள் நிறையப் பேர்.

அந்த ஊளைச் சத்தம் திணறல் அல்ல

உங்கள் மெக்கானிக் சொன்னது பலரும் நம்புகிற விஷயம்தான். சத்தம் அதிகமானால் மோட்டார் கஷ்டப்படுகிறது என்று காதுக்குத் தோன்றும். வாக்குவம் கிளீனரில் நடப்பது நேர் எதிர். உள்ளே இருக்கும் விசிறி நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுற்றிக் காற்றை வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்றுதான் மோட்டாருக்குச் சுமை. வழி அடைத்துக் காற்று வராமல் போனால் தள்ள ஒன்றும் இல்லை. சைக்கிள் செயின் கழன்றதும் பெடல் சர்ரென்று சுற்றுகிற மாதிரி மோட்டார் வேகமெடுக்கும், சத்தம் கீச்சென்று ஏறும். அந்த நேரத்தில் மோட்டார் எடுக்கும் மின்சாரமும் வழக்கத்தைவிடக் குறைவு.

அப்படியானால் ஏன் அணைகிறது? பெரும்பாலான வீட்டு மெஷின்களில் உறிஞ்சிய அதே காற்றுதான் பை, ஃபில்டர் எல்லாம் தாண்டி மோட்டார்மேல் பாய்ந்து அதைக் குளிர்விக்கிறது. காற்று நின்றால் சுமை குறைவாக இருந்தும் சூடு ஏறுகிறது. ஓர் அளவுக்கு மேல் போனதும் உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு இணைப்பைத் துண்டித்துவிடும், ஆறினால் மறுபடி சேர்க்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது அணைய அணைய நீங்கள் போட்டுக்கொண்டே இருந்தால் மோட்டார் கம்பிச் சுருளின் காப்புப் பூச்சு கருகி, இல்லாத பழுது உண்மையாகவே வந்துவிடும். அதனால் அடைப்பை எடுக்கும்வரை மெஷினை வேலைக்குப் போடாதீர்கள்.

சிவப்பு விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பை நிறைந்துவிட்டது என்று காட்டும் விளக்கு என்றுதான் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். அதற்குத் தூசி தெரியாது. உள்ளே காற்றழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். குழாயில் ஒரு காலுறை மாட்டினாலும் எரியும், பையின் துளைகள் மூடினாலும் எரியும். காலிப் பையோடு எரிந்தால் விளக்கு பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு பக்கமும் பார்த்துவிடலாம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் வீடுகளில் இழுவை குறையும், ஆனால் அப்போது சத்தம் தாழ்ந்து மந்தமாகும். ஏறிய சத்தம் என்றால் அடைப்பு, இறங்கிய சத்தம் என்றால் மின்சாரமோ மோட்டாரோ. இதை மட்டும் காதில் வைத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

மலை உயரம் காரணமா என்று கேட்டது நல்ல கேள்வி, பாதி சரியும்கூட. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 400 மீட்டரை ஒட்டியிருக்கும் கோவையோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று லேசாக இருப்பதால் விசிறி உண்டாக்கும் இழுவையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். மோட்டார் குளிர்வதும் கொஞ்சம் மட்டுப்படும். கடையில் காட்டும்போது இருந்த இழுவை மேலே வந்தபின் இல்லை என்று ஊட்டி, குன்னூர்க்காரர்கள் சொல்வது பிரமை அல்ல. ஆனால் அந்த இழப்பு முதல் நாளிலிருந்தே இருந்திருக்கும். இருபது மாதம் நன்றாக ஓடிவிட்டு ஜனவரியில் திடீரென்று நிற்பதற்கு மலைமேல் பழி போட முடியாது.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. சுழலும் பிரஷ் வைத்த மெஷினாக இருந்தால் இது இன்னும் முக்கியம். சோதனைக்காகப் போடும் ஒவ்வொரு முறையும் சில நொடிகள் மட்டும் போட்டு, அணைத்து, மறுபடி பிடுங்கிவிட வேண்டும்.

முதல் சோதனைக்கு உள்ளங்கை போதும். எல்லாம் மாட்டிய நிலையில் மெஷினைப் போட்டு, பிரஷைக் கழற்றிவிட்டுக் குழாய் முனையை உள்ளங்கையால் மூடுங்கள். வழி திறந்திருக்கும் மெஷினில், மூடியதும் சத்தம் மேலே ஏறும், கையை எடுத்ததும் இறங்கும். உங்கள் மெஷினில் மூடினாலும் திறந்தாலும் ஒரே ஊளையாக இருந்தால் வழி ஏற்கெனவே உள்ளே மூடியிருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக் போனில் கேட்க வேண்டியிருந்தது இந்த வித்தியாசத்தைத்தான்.

அப்புறம் பாதையை இரண்டாகப் பிரியுங்கள். வளையும் ஹோஸை மெஷினிலிருந்து கழற்றிவிட்டு, மெஷினின் வாயிலேயே உள்ளங்கையை வையுங்கள். அங்கே கையைப் பிடித்து இழுத்தால் அடைப்பு ஹோஸிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. அங்கேயும் மந்தமாக இருந்தால் பை, ஃபில்டர் பக்கம். இழுக்கிறது என்றால் ஹோஸை மட்டும் மாட்டிப் பாருங்கள், பிறகு நீளக் குழாயைச் சேருங்கள், கடைசியாகப் பிரஷ். எதைச் சேர்த்ததும் இழுவை போகிறதோ அதற்குள்தான் திருடன் இருக்கிறான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டுவிட்டுத் தேடுவதைவிட இது சீக்கிரம் முடியும்.

அடைப்பு நேரான இடத்தில் அவ்வளவாக நிற்காது. வளைவிலும் குறுகலிலும்தான் நிற்கும். பிரஷின் கழுத்து, நீளக் குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் இடம், கைப்பிடியின் வளைவு, ஹோஸ் மெஷினில் செருகும் முனை. இந்த நாலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் என் முதல் சந்தேகம் கைப்பிடி வளைவு. ஒரு ஹேர்பின்னோ பைன் மரத்து ஊசியிலையோ குறுக்கே விழுந்து நின்றால் போதும், கம்பளப் பஞ்சும் முடியும் அதன்மேல் பின்னிப் பின்னி ஒரு கூடே கட்டிவிடும். மலை வீடுகளில் சில்வர் ஓக் சருகின் காம்பும் அடிக்கடி அகப்படும். சுற்றுலா வருபவர்கள் தங்கும் அறை என்றால் டிஷ்யூ பேப்பர், காது குடையும் பட்ஸ், சிறுபிள்ளையின் காலுறை என்று எதையும் எதிர்பார்க்கலாம்.

ஹோஸுக்குள் கண் போகாது. இரண்டு பேராக அதை நீட்டிப் பிடித்து ஒரு முனையில் கோலிக்குண்டை விட்டு, ஹோஸை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். மறுமுனையில் விழுந்தால் வழி பெருமளவு திறந்திருக்கிறது. நின்றுவிட்டால் நின்ற இடம் தெரிந்துவிடும். ஹோஸைத் திருப்பிச் சாய்த்தால் கோலி வந்த வழியே திரும்பி வரும். அந்த இடத்தை விரலால் அமுக்கிப் பார்த்தால் கட்டியாகத் தட்டுப்படும்.

எடுக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: உள்ளே வந்த வழியாகவே அது வெளியே போக வேண்டும். துடைப்பக் குச்சியால் கைப்பிடிப் பக்கமிருந்து குத்தினால் இன்னும் இறுகும், ஹோஸின் மெல்லிய சுவரும் கிழியும். கிழிந்த ஹோஸ் வழியில் காற்றைக் குடித்துவிடும், அடைப்பு போனபிறகும் இழுவை வராது. மெஷின் முனையிலிருந்து கைப்பிடிப் பக்கம் தள்ளுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் ஹோஸின் ஒரு துண்டு இதற்கு ரொம்ப வசதி, வளையும், கிழிக்காது. உங்கள் மெஷினில் ப்ளோயர் இருப்பதால் இன்னும் சுலபம். பைக்குள் தூசி இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஹோஸின் மெஷின் முனையைப் பின்பக்க ஊதுவாயில் மாட்டி, கைப்பிடி முனையை ஒரு சாக்குக்குள் விட்டு, முற்றத்தில் வைத்து சில நொடி போடுங்கள். பல அடைப்புகள் அதிலேயே பொட்டென்று வந்துவிடும். முனைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, ஹேர்பின் முகத்தில் பாய்ந்தால் விளையாட்டல்ல. கொஞ்சம் ஊதியும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அடைத்த குழாயை ஊதிக்கொண்டே இருந்தாலும் மோட்டார் சூடாகும்.

பிரஷைத் திருப்பி உருளையில் சுற்றிய முடியையும் நூலையும் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்கள். அது அடைப்பு இல்லாவிட்டாலும் கம்பளத்தில் தூசி எழும்பாததற்குக் காரணமாக இருக்கும்.

பையும் சாம்பலும்

1901-இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்கிற பொறியாளர், தூசியை ஊதித் தள்ளாமல் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தபோது, ஒரு கைக்குட்டையை நாற்காலி மெத்தைமேல் விரித்து வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தாராம். துணியின் மறுபக்கத்தில் தூசி வட்டமாகப் படிந்திருந்தது. இன்றைக்கும் உங்கள் துணிப்பை செய்வது அந்தக் கைக்குட்டையின் வேலைதான். காற்றை விட்டு, தூசியைப் பிடிக்க வேண்டும். பிடித்த தூசியே துளைகளை மூடும் என்பதுதான் இதில் இருக்கிற சிக்கல்.

பையின் கொள்ளளவு ஒன்று, துளைகளின் கொள்ளளவு வேறொன்று. முடி, பஞ்சு, மண் என்றால் பை நிறையும்வரை காற்று போகும். விறகுச் சாம்பல், சிமெண்ட், சுவர் தேய்த்த பட்டித்தூள், கோலமாவு மாதிரி நுண்தூள் என்றால் ஒரு பிடி போதும், பை காலியாகத் தெரியும்போதே துளைகள் அத்தனையும் மூடிவிடும். நீங்கள் பையைத் திறந்து "பாதிகூட நிறையவில்லை" என்று பார்த்தது சரி. ஆனால் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, துணி வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். சாம்பல் ஏறிய பையைத் துவைத்ததும், கோத்தகிரி மூடுபனியில் இரண்டே நாளில் மாட்டியதும் நிலைமையை மோசமாக்கியிருக்கும். உதறாமல் நனைத்தால் சாம்பல் குழம்பாகி நூலிடுக்குகளில் அப்பிக்கொள்ளும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் பை தையலில் ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தில் அடுத்த தூசி ஒட்டிக் காய்ந்து பூச்சாகிவிடும். முதலில் வெளியே கொண்டுபோய் நன்றாக உதறுங்கள், உள்புறத்தை வெளியே திருப்பி மெல்லிய பிரஷால் தட்டுங்கள். மூக்கில் முகக்கவசம் இருக்கட்டும். ஈர வீடுகளின் தூசியில் பூஞ்சையும் இருக்கும், இளைப்பு உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். துவைக்கலாம் என்று கையேடு சொன்னால் மட்டும் துவையுங்கள். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடிக்கிற இடம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை துணி காய்வது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணப்புச் சூட்டில் காயவைத்தால் பையின் வாயில் இருக்கும் பிளாஸ்டிக் வளையம் நெளிந்து, பை சரியாக உட்காராமல் தூசி மோட்டாருக்கே போய்விடும். இன்னொரு பை வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதுதான் மலையில் சரிப்படும்.

பையை எடுத்தபின் அதற்குப் பின்னால் பாருங்கள். மோட்டாருக்கு முன்னால் ஒரு பஞ்சு அல்லது துணி ஃபில்டர் இருக்கும். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. வருஷக்கணக்கில் தொடாத அந்த ஒரு சாண் பஞ்சுதான் பல மெஷின்களைச் சாகடிக்கிறது. பஞ்சு என்றால் சோப்பு இல்லாமல் தண்ணீரில் அலசி, நிழலில் முழுசாகக் காயவிடலாம். காகித மடிப்பு மாதிரி இருக்கும் ஹெப்பா ஃபில்டர் என்றால், கழுவலாம் என்று அதன்மேலேயே எழுதியிருந்தால் ஒழியத் தண்ணீர் படக்கூடாது. காற்று வெளியேறும் பின்பக்கத்திலும் ஒன்று இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் ஃபில்டர் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள். இழுவை பிரமாதமாக இருக்கும், தூசி நேராக மோட்டாரின் அச்சைத் தாங்கும் பேரிங்குக்குப் போகும்.

இனி கணப்பு விஷயம். இதில் நான் கறாராகவே சொல்கிறேன்: இந்த மெஷினால் சாம்பல் எடுக்கவே கூடாது, "நெருப்பு இல்லாததைப் பார்த்து" எடுத்தாலும் கூடாது. சாம்பலுக்கு அடியில் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. அது பைக்குள் போனால் அங்கே துணியும் பஞ்சும் இருக்கிறது, வேகமாக ஓடும் காற்றும் இருக்கிறது. மரத்தளம் போட்ட வீட்டில் இரவு நேரத்தில் அது மூலையில் நிற்கும் மெஷினுக்குள் கனன்றால் என்ன ஆகும் என்று விவரிக்க எனக்கு விருப்பமில்லை. இரும்புக் கரண்டியால் அள்ளி, மூடி போட்ட இரும்பு வாளியில் போட்டு, மரத்தளத்தில் வைக்காமல் வெளியே தரையில் சில நாள் வையுங்கள். ஆறிய சாம்பலைக் காய்கறிப் பாத்திக்குப் போடலாம். தேயிலைச் செடிக்கு வேண்டாம், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். உங்கள் ஊர் ஹைட்ரேஞ்சியாவின் நீலமும் அந்தப் புளிப்பு மண்ணால் வருவது. சாம்பல் போட்டால் நாளாவட்டத்தில் பூ இளஞ்சிவப்புக்குத் திரும்பிவிடும். அது பிடித்திருந்தால் போடுங்கள்.

வாரண்டி, புது மெஷின், பிடித்த ஆயிரம் ரூபாய்

கையால் திறக்கும் மூடியைத் திறப்பது, பையை எடுப்பது, ஹோஸைக் கழற்றுவது, ஃபில்டரைச் சுத்தம் செய்வது எல்லாம் கையேடு உங்களையே செய்யச் சொல்கிற பராமரிப்பு. அதனால் வாரண்டி போகாது. ஸ்க்ரூ டிரைவர் எடுத்து மோட்டார் பகுதியைப் பிரிப்பதுதான் பிரச்சினை. உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் வாரண்டி இருக்கும்போது வெளி மெக்கானிக்கிடம் அதைப் பிரிக்கக் கொடுத்தால், நாளைக்கு உண்மையாகவே மோட்டார் போனாலும் கம்பெனி கையை விரித்துவிடலாம். நாலாயிரம் ரூபாயைவிட அது பெரிய நஷ்டம்.

அதே சமயம் எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். அடைப்பு எடுப்பது, பை, ஃபில்டர் போன்றவை பொதுவாக வாரண்டிக்குள் வராது. அட்டையில் "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்; அறை வாடகைக்கு விடுகிறீர்கள் என்பதைக் காட்டி மறுக்கப் பார்க்கலாம். நான் வக்கீல் இல்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று தள்ளுவதில்லை. தேவைப்பட்டால் அதைச் சொல்லி வாதாடலாம். உண்மையான பழுதுக்கு வாரண்டியை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் கோவைக்கு இறங்க வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, உதகமண்டலத்தில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷ அவகாசம் உண்டு. ஆனால் சொந்தப் பராமரிப்பில் தவறிய அடைப்புக்காக அங்கே போய் நிற்காதீர்கள்.

மகன் சொல்லும் வயர் இல்லாத மாடல் இப்போது வேண்டாம் என்பேன். அதிலும் ஃபில்டர் உண்டு, குழாய் உண்டு, வளைவு இன்னும் குறுகல். தூசிப் பெட்டியும் சின்னது. சாம்பலையும் கம்பளப் பஞ்சையும் அது இதைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பிரச்சினை பழக்கத்தில் இருக்கும்போது மெஷினை மாற்றி என்ன பயன்?

வேலைக்கு வரும் பெண் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: "நெருப்பு இல்லாததைப் பார்த்து எடு என்றுதான் சொல்லியிருந்தேன்." அப்படியென்றால் சாம்பலை மெஷினால் எடுக்கச் சொன்னது நீங்கள். அவர் சொன்னதைச் செய்திருக்கிறார். பையைத் துவைத்து ஈரத்தோடு மாட்டியதும் அவர் இல்லை. ஹோஸில் மாட்டியிருப்பது அவரே பார்க்காத ஒரு ஹேர்பின்னாக இருக்கலாம், விருந்தினர் விட்டுப்போனதாகவும் இருக்கலாம். என்ன பழுது என்றே தெரியாத நிலையில் பிடித்த பணம் அது. ஹோஸைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த ஆயிரத்தை முதலில் கொடுத்துவிடுங்கள். உள்ளங்கைச் சோதனையை அவருக்கும் காட்டிக்கொடுங்கள். தினமும் மெஷினைக் கையில் பிடிப்பவர் அவர்தான். சத்தம் மாறுவது உங்களுக்கு முன்னால் அவர் காதுக்குத்தான் கேட்கும். பயம் இருந்தால் கேட்டதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்.

எப்போது உண்மையிலேயே மோட்டார்

ஹோஸ், குழாய், பை, ஃபில்டர் எல்லாம் சுத்தமாக்கி, நன்றாகக் காய்ந்த பையை மாட்டிப் பாருங்கள். மெஷின் வாயிலும் இழுவை இல்லை, சத்தம் தாழ்ந்தே இருக்கிறது என்றால் மோட்டாரைச் சந்தேகப்படலாம். கருகிய வாடை, காற்று வெளியேறும் சந்தில் கண்ணில் படும் அளவுக்குத் தீப்பொறி, போட்டதும் மெயின் ட்ரிப் ஆவது ஆகியவையும் அந்தப் பக்கம் காட்டும். பேரிங் தேய்ந்ததா என்று தெரிய ஒரு வழி: மெஷினை அணைத்துவிட்டு அது நிற்கும்வரை காது கொடுங்கள். நல்ல பேரிங் என்றால் சத்தம் வழுக்கிக்கொண்டே அடங்கும். தேய்ந்தது என்றால் கரகரவென்று அரைத்துக்கொண்டு சட்டென்று நிற்கும். இழுவை விட்டுவிட்டு வந்தால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அது மோட்டார் விலையில் சின்ன பங்குதான், மொத்த மோட்டாரையும் மாற்றத் தேவையில்லை.

இவற்றில் ஏதாவது தெரிந்தால் வாரண்டி முடிவதற்கு முன்னால் கம்பெனியில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே அனுப்புவதற்கு முன் ஹோஸ், பிரஷ் உட்பட எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பைக்குள் தூசியோடு அனுப்பாதீர்கள். அதைக் காட்டியே "பராமரிப்புக் குறைவு" என்று எழுதிவிடுவார்கள். வாரண்டி தாண்டிப் பணம் கொடுத்து மோட்டார் மாற்றும்படி ஆனால், பில்லோடு கழற்றிய பழைய மோட்டாரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.